வந்து கண்டவர்கள்: நைல் ஆற்றுச் சுற்றுலாவில் தமிழ்ப் பெயர்கள்

முன்னுரை

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரப் பயண முகவர்கள் ஏற்பாடு செய்யும் வெளிநாட்டுக் குழுச் சுற்றுலாக்களுள் எகிப்துப் பயணமும் ஒன்றாகும். கெய்ரோவில் பிரமிடுகளைக் கண்டபின் பயணிகள் தெற்கே சென்று, லக்சோருக்கும் அஸ்வானுக்கும் இடையே மூன்று அல்லது நான்கு இரவுகள் ஆற்றுக் கப்பலில் தங்குவர். வழியில் எட்ஃபு, கொம் ஒம்போ ஆகிய ஊர்களின் கோயில்களைக் காண்பர். லக்சோரின் மேற்குக் கரையிலுள்ள மன்னர் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து அமைத்த அரசர் கல்லறைகளுக்குள் இறங்கி ஏறுவர். பிரிக்பீல்ட்சிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ செல்லும் ஒரு தமிழ்க் குடும்பத்திற்கு இவை யாவும் முற்றிலும் அயலாருடைய வரலாறாகவே தோன்றக்கூடும்.

ஆயினும் அக்கல்லறைச் சுவர்களில் தமிழ்ப் பெயர்கள் உள்ளன. அவற்றை எழுதியோரும் நம்மைப் போன்றே அங்குச் சென்று பார்த்துத் திரும்பிய பயணிகளே ஆவர். இச்செய்தி 2026ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழ்க் கல்வெட்டியல் மாநாட்டின் வாயிலாகப் பலர் கவனத்திற்கு வந்தது. நைல் வழிச் சுற்றுலாவின் நெடிய வரலாற்றில் இப்பெயர்களுக்குரிய இடம் யாது, அவற்றை மலேசியத் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் எவ்வாறு கையாளலாம் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

நைல் வழியின் பழைய சுற்றுலா

ஆற்று வழியே சென்று பழஞ்சின்னங்களைக் காணும் வழக்கம் அண்மைக் காலத்தில் தோன்றியதன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்திற்குச் சென்று தாம் கண்டனவற்றையும் கேட்டனவற்றையும் எழுதிவைத்தார். கி.மு. 112ஆம் ஆண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஓலை ஒன்று, லூசியஸ் மெம்மியஸ் என்னும் உரோமானிய செனட்டரின் வருகைக்கு உள்ளூர் அதிகாரிகள் செய்ய வேண்டிய ஏற்பாடுகளைக் கூறுகிறது. அவர் தங்குமிடம், அவருக்குரிய பரிசுகள் ஆகியவற்றோடு, அவ்வூர்க் கோயில் முதலைகளுக்கு அவர் ஊட்டுவதற்கான தின்பண்டமும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இன்றைய பயணத் திட்டத் தாளுக்கு அதனை ஒரு முன்னோடி எனலாம்.

வழிகாட்டிகளும் அக்காலத்திலேயே இருந்தனர். கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஸ்டிராபோ என்னும் புவியியலாளர், எகிப்தின் உரோமானிய ஆளுநராகிய ஏலியஸ் காலஸ் என்பாருடன் நைல் வழியே தென்னெல்லைவரை சென்றார். அவர்களுடன் கைரெமோன் என்னும் ஒருவரும் வந்தார். தமக்கு எல்லாம் தெரியும் என அவர் பேசிக்கொண்டதையும், பிறர் அவரை நகையாடியதையும் ஸ்டிராபோ பதிவு செய்துள்ளார். தீப்ஸ் என்னும் பழைய நகரில், அதாவது இன்றைய லக்சோரில், மெம்னோன் சிலைகள் எனக் கிரேக்கர் அழைத்த இரு பேருருவங்களுள் ஒன்று விடியலில் ஒலியெழுப்புவதாகப் புகழ்பெற்றிருந்தது. அவ்வொலியைத் தாமும் கேட்டதாகவும், அது சிலையிலிருந்துதான் எழுந்ததா என உறுதிகூற இயலவில்லை என்றும் ஸ்டிராபோ எழுதினார். கி.பி. 130இல் பேரரசர் ஹேட்ரியன் தம் துணைவி சபைனாவுடன் அங்கு வந்தார். உடன்வந்த ஜூலியா பால்பில்லா என்னும் புலவர் அச்சிலையின் காலிலேயே தம் கிரேக்கக் கவிதைகளைப் பொறிக்கச் செய்தார்.

இப்பயணிகள் அனைவருக்கும் அக்கல்லறைகள் தொன்மைப் பொருள்களாகவே தோன்றின என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகள் ஏறத்தாழ கி.மு. 1500 முதல் கி.மு. 1070 வரையிலான காலத்தில் குடையப்பட்டவை. கி.பி. முதல் நூற்றாண்டில் வந்த பயணிக்கே அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையன. இராசராச சோழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் நமக்கு எத்துணைத் தொலைவில் உள்ளதோ, ஏறத்தாழ அத்துணைத் தொலைவில் அவை அவர்களுக்கு இருந்தன.

இன்று நாம் பின்பற்றும் குழுச் சுற்றுலா முறை 19ஆம் நூற்றாண்டில் உருவானது. ஆங்கிலேயரான தாமஸ் குக் 1869ஆம் ஆண்டில் தம் முதல் பயணக் குழுவை நைல் ஆற்றில் நீராவிக் கப்பலில் அழைத்துச் சென்றார். அதே ஆண்டு நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. முன்கூட்டியே கட்டணம், ஒரே வழிகாட்டி, குறித்த நேரம், குறித்த இடம் என்னும் ஒழுங்கு அவரது நிறுவனத்தின் வழியே நிலைபெற்றது. அந்நிறுவனம் 2019இல் வீழ்ச்சியுற்றபோதிலும் அவ்வொழுங்கு மறையவில்லை.

சுவரில் எழுதிய பயணிகள்

உரோமானியர் காலப் பயணிகள் தாம் வந்ததற்கு அடையாளமாகக் கல்லறைச் சுவர்களில் பெயர் பொறித்தனர். பிரெஞ்சு அறிஞர் ஜூல் பயே இவற்றைத் தொகுத்து 1920களில் வெளியிட்டார். பெரும்பாலும் கிரேக்க மொழியிலமைந்த இப்பதிவுகள் 2,000க்கும் மேற்பட்டவை. பெயர், ஊர், தொழில் ஆகியவற்றோடு ‘கண்டேன், வியந்தேன்’ என்னும் பொருளுடைய வாய்பாடும் அவற்றுள் மீண்டும் மீண்டும் வருகிறது. குடும்பத்தினருடனும் நண்பருடனும் வந்ததைக் கூறும் பதிவுகளும் உள்ளன.

இவற்றிடையே கிரேக்கமல்லாத எழுத்துகளும் இருந்தன. பாரிசிலுள்ள தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஷார்லட் ஷ்மிட், சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகப் பேராசிரியர் இங்கோ ஸ்ட்ரௌக் ஆகிய இருவரும் அவற்றை ஆராய்ந்து, ஆறு கல்லறைகளில் ஏறத்தாழ 30 இந்தியப் பொறிப்புகளை இனங்கண்டனர். அவற்றுள் தமிழ்ப் பிராமியில் அமைந்தவையே மிகுதி. பிராகிருதம், சமற்கிருதம் ஆகியவற்றில் அமைந்தவையும் உள்ளன. இவை கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் 3ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. சிகை கொற்றன் என்பவர் ஐந்து கல்லறைகளில் எட்டு முறை தம் பெயரைப் பொறித்துள்ளார். வந்து கண்டதைக் கூறும் தொடரும் இப்பொறிப்புகளுள் காணப்படுகிறது.

கொற்றன் என்னும் பெயர் சங்க இலக்கியம் பயின்றோர்க்குப் புதியதன்று. சேரர்க்குத் துணையாக நின்ற பிட்டங்கொற்றன் என்னும் தலைவன் புறநானூற்றில் பாடப்பட்டுள்ளான். செங்கடல் துறைமுகமாகிய பெரெனிகேயில் 1995ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த பானையோட்டில் ‘கொற்றபூமான்’ என்னும் பெயரை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். மற்றொரு துறைமுகமாகிய குசேர் அல் கதீமில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்களைத் தாங்கிய ஓடுகள் முன்னரே கிடைத்திருந்தன. அவ்விடத்திலேயே பின்னர் நடந்த அகழாய்வில் ‘பானை ஒறி’ எனப் பொறித்த ஓடும் கிடைத்தது. ஒறி என்பது உறியைக் குறிக்கும் என்பது மகாதேவனின் கருத்தாகும்.

பானையோட்டுப் பெயருக்கும் கல்லறைச் சுவர்ப் பெயருக்கும் உள்ள வேறுபாடு முதன்மையானது. பானையில் எழுதிய பெயர் உடைமையைக் காட்டுகிறது. எழுதப்பட்ட பானை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியும் சென்றிருக்கலாம். சுவரில் பெயர் எழுதியவரோ அவ்விடத்தில் நின்றாக வேண்டும். கடற்கரையைவிட்டு உள்நாட்டில் நெடுந்தொலைவு தமிழர் சென்றனர் என்பதற்கு அவர்தம் கையெழுத்தே சான்றாகிறது. வணிகப் பொருளின்றியும் அவர்கள் பயணம் செய்தனர் என்பதே இதன் தனிச் சிறப்பாகும்.

பருவக்காற்று தந்த ஓய்வு

கடல் வணிகர் கல்லறைகளைக் காணச் சென்றது ஏன் என்னும் வினாவிற்கு அக்கால வழியமைப்பில் ஒருவாறு விடை காணலாம். எகிப்திலிருந்து இந்தியாவிற்குப் புறப்பட்ட கலங்கள் கோடை நடுவில் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிச் சென்றன. அவை செங்கடல் வாயிலை அடைய 30 நாளும், அங்கிருந்து முசிறியை அடைய 40 நாளும் ஆயின எனப் பிளினி குறிப்பிடுகிறார். திரும்பும் கலங்கள் திசம்பர் மாதத்திலோ சனவரி முற்பகுதியிலோ முசிறியைவிட்டுப் புறப்பட்டன. ஆகவே, அவற்றில் ஏறிச் சென்ற தமிழர் வேனிற்காலத் தொடக்கத்தில் எகிப்தை அடைந்திருப்பர். தாயகம் திரும்ப அடுத்த கோடைவரை அவர்கள் காத்திருக்க வேண்டும்.

சரக்கு சென்ற வழியும் இங்குக் கருதத்தக்கது. பெரெனிகேயிலிருந்து பாலைவனத்தில் ஒட்டகங்களின்மேல் ஏறத்தாழ 12 நாள் பயணத்தில் நைல் கரையிலுள்ள கொப்டோசை அடைந்து, அங்கிருந்து படகில் ஆற்றின் போக்கில் அலெக்சாந்திரியாவிற்குப் பொருள்கள் சென்றன. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரஸ் இவ்வழியை விளக்குகிறது. ஹெர்மபோலோன் என்னும் ஒரு கப்பலின் சரக்கு மதிப்பு மட்டும் ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் நாணயங்கள் என அதனால் அறிகிறோம். கிஃப்ட் என இன்று அழைக்கப்படும் அந்தக் கொப்டோஸ், லக்சோருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.

கையில் சில மாத ஓய்வும், கரையில் படகும், ஓரிரு நாள் தொலைவில் உலகப் புகழ்பெற்ற காட்சியும் இருந்தால் பயணி என்ன செய்வார்? கிரேக்கரும் உரோமரும் சென்ற இடத்திற்குத் தமிழரும் சென்றனர் எனக் கருதுவது இயல்பேயாகும். பருவக்காற்றின் இடைவெளியே இச்சுற்றுலாவிற்கு வாய்ப்பளித்தது என்பது நம் துணிபு. கிரேக்கர் வாய்பாட்டைப் போன்றே ‘வந்தேன், கண்டேன்’ என்னும் கருத்தில் தமிழர் எழுதியிருப்பதும் நோக்கத்தக்கது. சுவரிலிருந்த கிரேக்கப் பதிவுகளை அவர்கள் தாமே படித்திருக்கலாம். அன்றி, உடன்சென்ற ஒருவர் பொருள் சொல்லியிருக்கலாம். எவ்வாறாயினும், அங்கு நிலவிய வழக்கத்தை அறிந்து, அதனைத் தம் மொழியில், தம் எழுத்தில் செய்தனர் என்பது தெளிவு.

சான்று சொல்வதும் சொல்லாததும்

இத்தகைய செய்தி வெளிவரும்போது மிகையுரைகளும் உடன்வருகின்றன. எகிப்து நாகரிகத்திற்கே தமிழர் மூலவர் என்றும், அங்கே தமிழர் ஆட்சி புரிந்தனர் என்றும் பேசுவோர் உளர். ஆசிரியர்கள் இங்கு மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும். அக்கல்லறைகள் குடையப்பட்டு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே இப்பெயர்கள் எழுதப்பட்டன. 2,000க்கும் மேற்பட்ட கிரேக்கப் பதிவுகளுக்கிடையே இந்தியப் பொறிப்புகள் ஏறத்தாழ 30. நூற்றுக்கு இரண்டினும் குறைவு. இந்த அளவை மாணவர்க்குக் கூறுவதால் தமிழர் பெருமை குன்றிவிடாது.

தமிழர் அங்குத் தனித்துச் செல்லவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். எட்ஃபுவிற்குக் கிழக்கே பாலைவழியிலுள்ள எல் கனாயிஸ் என்னுமிடத்தில், நற்பயணம் அருளிய பான் தெய்வத்திற்கு ‘இந்தியனாகிய சோபோன்’ நன்றி கூறும் கிரேக்கப் பொறிப்பு உள்ளது. அவர் எம்மொழியினர் என அது கூறவில்லை. அரபிக் கடலிலுள்ள சொகோத்ரா தீவின் ஹோக் குகையில் இந்திய மாலுமிகளின் பொறிப்புகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகப் பல மேற்கிந்தியக் கடற்கரையைச் சார்ந்தோருடையவை. அவற்றை 2012இல் நூலாகப் பதிப்பித்தவரும் இங்கோ ஸ்ட்ரௌக் அவர்களே. பல மொழியினர் கலந்து பயணம் செய்த ஒரு பெருங்கடல் உலகில் தமிழரும் தமக்குரிய இடத்தைப் பெற்றிருந்தனர் என்பதே சான்றுகள் ஒருங்கே தரும் முடிவாகும்.

இவ்வுலகின் கிழக்கு எல்லை நமக்கு மிக அண்மையிலுள்ளது. தென் தாய்லாந்தின் குவான் லுக் பட் என்னுமிடத்தில் கிடைத்த கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுப் பொற்கொல்லர் உரைகல்லில் ‘பெரும்பதன் கல்’ எனத் தமிழ்ப் பிராமியில் எழுதப்பட்டுள்ளது. மேற்கே நைல் கரைவரையிலும், கிழக்கே மலாய்த் தீபகற்பத்தின் கழுத்துப் பகுதிவரையிலும் ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் தமிழ் எழுத்து சென்றது என்பதை ஒரே நிலப்படத்தில் காட்டினால் மாணவர் எளிதில் உணர்வர்.

மற்றொரு செய்தியையும் இங்குச் சேர்த்துரைக்க வேண்டும். 2013ஆம் ஆண்டில் லக்சோர் கோயில் சிற்பத்தின்மேல் அயல்நாட்டு இளம்பயணி ஒருவர் தம் பெயரைக் கீறியது உலகெங்கும் கண்டனத்திற்குள்ளாயிற்று. கொற்றன் எழுதியது சான்று, அவ்விளைஞர் எழுதியது குற்றம் என்பது முரணன்றோ என மாணவர் வினவக்கூடும். அவ்வினாவை நாம் தவிர்க்கலாகாது. கொற்றன் காலத்தில் அது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம்; இன்றோ எகிப்தின் 1983ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் சின்னங்களைச் சிதைப்பதைக் குற்றமாக்குகிறது. தவிரவும், எழுதியவரின் செருக்கு வரலாற்று மதிப்பைத் தருவதில்லை. வேறெங்கும் பதிவு பெறாத ஒருவரைப் பற்றி அது அறிவிப்பதனாலேயே மதிப்புப் பெறுகிறது. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே வரலாற்றுக் கல்வியின் பயனாகும்.

கிள்ளான் கரையில் இறங்கியவர்கள்

இப்பெயர்கள் மலேசியத் தமிழர்க்குத் தனிப்பொருள் உடையன. நம் நாட்டு வரலாற்றில் தமிழர் பெரும்பாலும் பிறரால் கொண்டுவரப்பட்டோராகவே அறிமுகமாகின்றனர். ஒப்பந்தத் தொழிலாளர், கங்காணி வழி வந்தோர், இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டோர் என்னும் தொடர்களில் ஒரு மாணவன் தன் முன்னோரை முதன்முதலாகச் சந்திக்கிறான். தம் விருப்பப்படி ஆற்றில் படகேறி, அயல்நாட்டு அரசர்களின் கல்லறைகளைப் பார்த்து, தாம் கண்டதை எழுதிவைத்த கொற்றனும் அவனுக்கு முன்னோனே. இதனை அவன் அறிந்துகொள்வது அவசியமாகும்.

எனினும், கொற்றனைக் காட்டித் தோட்டத் தொழிலாளியை மறைத்தல் தகாது. 1901ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாம் துறையில் பல்லாயிரம் தமிழர் இறங்கினர். 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடிபெயர்வு நிதியின் செலவில் வந்தோர் அவர்களுள் பலர். இந்திய அரசு 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்யும்வரை அவ்வரவு தொடர்ந்தது. 1926ஆம் ஆண்டு முதல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனச் சென்றுவந்த ராஜூலா கப்பலின் மேல்தளப் பயணிகளும் கடலைக் கடந்தவர்களே. அவர்கள் எந்தச் சுவரிலும் பெயரெழுதவில்லை. பயணிகளின் பட்டியலிலும் தோட்டப் பதிவேட்டிலும் பிறர் எழுதிய பெயர்களாகவே அவர்கள் எஞ்சியுள்ளனர். அவர்தம் பெயர்கள் அயல்மொழி எழுத்தில் சிதைந்தும் வழங்கின.

இரு சாராரையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கொற்றன் யார், எத்தொழிலினர் என்பதை அச்சுவர் கூறவில்லை. எட்டு முறை பெயரெழுதியதனால்தான் இன்று அவர் பேசப்படுகிறார். தம் பெயரைத் தாமே எழுதும் வாய்ப்பு ஒருவரை வரலாற்றில் நிலைபெறச் செய்கிறது. அவ்வாய்ப்புப் பெறாதவர்க்காகப் பின்வந்தோர் எழுதவேண்டியுள்ளது.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இதற்கு ஏற்ற களமாகும். கிள்ளான் ஆற்றை ஒட்டிய அவ்விடம் செங்கற் சூளைகளால் பெயர்பெற்றது. பின்னர் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. கோலாலம்பூரைக் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுடன் இணைத்த இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டது. அதன் வளர்ச்சியோடு தமிழ்நாட்டுத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் இங்கு நிலைபெற்றனர். 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் 2016இல் தேசிய மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் லிட்டில் இந்தியா எனப் பெயர் பெற்ற அத்தெருக்களில் இன்று சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். அங்கும், கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும், பழைய கட்டடங்களின் பெயர்ப்பலகை, அடிக்கல், கோயில் நன்கொடைப் பலகை, இடுகாட்டுக் கல் ஆகியவற்றில் தமிழ்ப் பெயர்கள் காத்திருக்கின்றன. கட்டடம் புதுப்பிக்கப்படும்போது அவை அகற்றப்படுகின்றன.

முடிவுரை

எகிப்துக் குழுச் சுற்றுலாவின் பயண அட்டவணையில் கொப்டோசும் பெரெனிகேயும் இடம்பெறுவதில்லை. லக்சோரிலிருந்து தெற்கே செல்லும் கப்பல், வடக்கேயுள்ள கொப்டோசை விட்டு விலகியே செல்கிறது. மன்னர் பள்ளத்தாக்கில் வழிகாட்டிகள் கல்லறைக்கு வெளியிலேயே விளக்கம் கூறுவர். உள்ளே பயணி தாமே கண்டறிய வேண்டும். ஆகவே, புறப்படுமுன் அறிந்து செல்வதே பயன்தரும். ஆசிரியர்கள் எகிப்துப் பயணம் மேற்கொள்ளின், இப்பொறிப்புகளைப் பற்றிய செய்தியை முன்கூட்டியே உடன்வருவோர்க்கு எடுத்துரைக்கலாம். சுவரைத் தொடாமலும் உரசாமலும் காணும் ஒழுக்கமும் அவ்வறிவின் ஒரு பகுதியே.

ஏனையோர் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இப்பணியைத் தொடங்கலாம். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தத்தம் வட்டாரத்துக் கோயில், இடுகாடு, பழைய கடை ஆகியவற்றிலுள்ள தமிழ்ப் பெயர்களை இடம், ஆண்டு, எழுத்து வடிவம் ஆகியவற்றுடன் பதிவு செய்யலாம். நிழற்படமும் எடுக்கலாம். வீட்டிலுள்ள முதியோரிடம் அவர்தம் பெற்றோர் ஏறிவந்த கப்பலின் பெயரையும் இறங்கிய துறையையும் கேட்டெழுதலாம். இவற்றைத் தொகுத்து வைக்கும் பொறுப்பை இந்திய ஆய்வியல் துறைகளும் தமிழாசிரியர் அமைப்புகளும் ஏற்க வேண்டும். ஜூல் பயே ஒரு நூற்றாண்டுக்கு முன் கிரேக்கப் பெயர்களைப் பொறுமையுடன் தொகுத்ததால்தான், அவற்றுக்கு நடுவே இருந்த தமிழ்ப் பெயர்களைப் பின்வந்தோர் தேட இயன்றது. நம் முன்னோர் இறங்கிய கரையில் அத்தகைய தொகுப்பு இனிமேல்தான் முழுமை பெற வேண்டும். சுவர்களும் முதியோரும் உள்ளபோதே அது செய்யப்பட வேண்டும்.